வேதாளரும் வாசகரும்: ஓர் ஏற்பு நோக்கு

முன்னுரை

ஒரு படைப்பு எழுதி முடிக்கப்பெற்ற அன்றே நிறைவுறுவதில்லை. படிப்போர் உள்ளத்தில் சென்று படிந்த பின்னரே அது முழுமை பெறுகின்றது என்பது இக்காலத் திறனாய்வாளர் கொள்கை. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967ஆம் ஆண்டு ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் ஆற்றிய உரை, 'ஏற்புக் கோட்பாடு' என வழங்கும் இத்துறைக்குத் தொடக்கமாக அமைந்தது. தமிழுக்கு இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்த 34 உறுப்புகளுள் 'கேட்போர்' என்பதும் ஒன்று. செய்யுளினுள் நின்று கேட்கும் மாந்தரையே அவ்வுறுப்புக் குறிக்கும் எனினும், கேட்பாரின்றிக் கூற்று இல்லை என்னும் உணர்வு நம் மரபில் நெடுங்காலமாக வேரூன்றியிருந்தமைக்கு அது சான்றாகும்.

இந்நோக்கினைக் காப்பியங்களுக்கும் புதினங்களுக்கும் பொருத்திப் பார்க்கும் நாம், சிறுவர் கையில் கசங்கிய படக்கதைகளின் பக்கம் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆயினும், பல்லாயிரவரின் படிக்கும் பழக்கத்திற்கு வித்திட்டவை அவையே. அவற்றுள் கானக வீரக் கதையாகிய 'ஃபேன்டம்' உலகின் பல மொழிகளில் பல தலைமுறையினரால் படிக்கப்பெற்றது. தமிழ் வாசகர் அவரை வேதாளர் என்றும் மாயாவி என்றும் அறிவர். அப்படக்கதையை வாசகர் எவ்வெவ்வாறு ஏற்றனர் என்பதையும், அவ்வேற்பில் எது விடுபட்டுப் போயிற்று என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படக்கதையின் தோற்றமும் அமைப்பும்

அமெரிக்க எழுத்தாளர் லீ ஃபாக், 1934ஆம் ஆண்டில் மாண்ட்ரேக் என்னும் மந்திரவாதியின் படக்கதையைத் தொடங்கிப் புகழ்பெற்றார். அதனை அடுத்து அவர் படைத்ததே ஃபேன்டம். 1936 பிப்ரவரி 17 அன்று கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்தின் வாயிலாக நாளிதழ்களில் இது வெளிவரத் தொடங்கியது. 1939 மே மாதம் முதல் ஞாயிறுதோறும் வண்ணப் பக்கமும் வந்தது. ரே மூர், வில்சன் மெக்காய், சை பாரி முதலிய ஓவியர்கள் அடுத்தடுத்து இதற்குப் படம் வரைந்தனர். லீ ஃபாக் 1999ஆம் ஆண்டில் மறையும் வரை, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இக்கதையை எழுதிவந்தார். உடலோடு ஒட்டிய உடையும் முகமூடியும் அணிந்து நீதி காக்கும் வீரன் என்னும் வடிவம், 1938இல் சூப்பர்மேன் தோன்றுவதற்கு முன்னரே இப்படக்கதையில் உருப்பெற்றுவிட்டது.

கதையின் அடிப்படை எளியது. 1536ஆம் ஆண்டில் கடற்கொள்ளையர் ஒரு கப்பலைத் தாக்குகின்றனர். உயிர் தப்பிய இளைஞன் ஒருவன் மட்டும் கரையில் ஒதுங்குகின்றான். அங்கு வாழும் பந்தர் என்னும் குள்ள மக்கள் அவனைக் காப்பாற்றிப் பேணுகின்றனர். தன் தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது ஆணையிட்டு, கொள்ளையையும் கொடுமையையும் அநீதியையும் ஒழிப்பதையே தன் வாழ்வாகவும் தன் வழித்தோன்றல்களின் வாழ்வாகவும் அவன் ஏற்கின்றான். தந்தைக்குப் பின் மகன் என அதே முகமூடி தொடர்கின்றது. கண்ட மக்களோ, நானூறு ஆண்டுகளாக ஒரே மனிதன் வாழ்வதாக நம்புகின்றனர். 'நடமாடும் ஆவி' என்றும் 'சாகா மனிதன்' என்றும் அவனை அழைக்கின்றனர். நாம் காணும் நாயகன் அம்மரபில் 21ஆமவன்.

இங்கு ஒரு நுட்பத்தை நோக்குதல் வேண்டும். பகைவர் அறியாத உண்மை வாசகருக்குத் தெரியும். வேதாளர் சாவார், வேதாள மரபே சாகாதது. கதை மாந்தர் பலருக்கும் மறைக்கப்பட்ட ஒன்றைத் தான் மட்டும் அறிந்திருக்கும் பெருமிதத்தை இப்படக்கதை ஒவ்வொரு சிறுவனுக்கும் வழங்கியது. மண்டையோட்டுக் குகைக்குள் அழைத்துச் செல்லப்பட்ட விருந்தினனாகவே வாசகன் தன்னை உணர்ந்தான். இக்கதை பெற்ற வரவேற்பிற்கு இது தலையாய காரணம் எனலாம்.

இந்தியாவிலும் தமிழிலும்

'இல்லஸ்டிரேட்டட் வீக்லி' ஆங்கில வார இதழின் வழியாக இந்திய வாசகர் சிலர் முன்னரே ஃபேன்டத்தை அறிந்திருந்தனர். எனினும், 1964 மார்ச் மாதம் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தார் தொடங்கிய 'இந்திரஜால் காமிக்ஸ்' இதழே அவரை இந்திய மொழிகளில் பரவச் செய்தது. 1990ஆம் ஆண்டில் நின்றுபோன அவ்விதழின் முதல் வெளியீடே ஃபேன்டம் கதைதான்.

இவ்விதழாளர் செய்த சில மாற்றங்கள் ஏற்பு நோக்கில் மிகுந்த கவனத்திற்குரியவை. மூலக்கதையில் வேதாளரின் நாடு 'பெங்கல்லா' எனப்பட்டது. தொடக்கத்தில் அது வங்காளத்தையே நினைவூட்டும் பெயரோடு, இந்தியாவுக்கும் கீழ்த்திசைத் தீவுகளுக்கும் இடைப்பட்ட ஓரிடம் போலக் காட்டப்பட்டது. அவர் தலைமுறை தலைமுறையாக எதிர்த்துப் போராடும் கடற்கொள்ளையர் கூட்டம் 'சிங்' என்னும் பெயர் தாங்கியது. இந்திய வாசகர் கையில் நூல் சேருமுன் நாட்டின் பெயர் 'டெங்காலி' ஆயிற்று. கொள்ளையர் பெயரும் திரிக்கப்பட்டது. நம் நாட்டின் ஒரு நிலப்பகுதியும் ஒரு சமூகத்தாரின் பெயரும் கதையில் இழிவுற நிற்பதை இங்குள்ளோர் பொறுக்கமாட்டார் என்னும் எதிர்பார்ப்பே இம்மாற்றங்களுக்கு அடிப்படையாகலாம். வாசகர் வாய் திறக்கும் முன்னரே அவர்தம் எதிர்வினை பனுவலைத் திருத்திவிட்டது.

தமிழில் முத்து காமிக்ஸ் 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. இது பிரிட்டனில் உருவான வேறொரு நாயகனின் கதை. தினத்தந்தி குழுமத்தின் 'ராணி காமிக்ஸ்' 1984 முதல் 2005 வரை வெளிவந்தது. 1990களில் அவ்விதழின் வாயிலாக ஃபேன்டம் 'முகமூடி வீரர் மாயாவி' என்னும் பெயரில் சிற்றூர்ப் பெட்டிக்கடைகள் வரை சென்று சேர்ந்தார். இதனால் தமிழில் இரு மாயாவிகள் உலவினர். 'எந்த மாயாவி? கை மாயாவியா, காட்டு மாயாவியா?' என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுத் தெளிந்த காலம் அது.

பெயர் செய்த வேலை

மொழிபெயர்ப்பில் பெயரும் ஒரு விளக்கவுரையே. வேதாளம் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர் நெஞ்சில் தோன்றுவது விக்கிரமாதித்தன் கதை. முருங்கை மரத்தில் தொங்குவதும், தோளில் ஏறிக் கதை சொல்வதும், புதிர் போடுவதும் அவ்வேதாளத்தின் இயல்புகள். அச்சொல்லில் அச்சமும் உண்டு, அறிவுக்கூர்மையும் உண்டு, ஓயாமல் திரும்பி வருதலும் உண்டு. 'மீண்டும் வேதாளம் முருங்கை மரம் ஏறிற்று' என்னும் வழக்கு இதனை உணர்த்தும். கொன்றாலும் மீண்டு வரும் கானக வீரனுக்கு இப்பெயர் பொருந்தி அமைந்தது.

'மாயாவி' என்பதோ மறைந்து தோன்றுபவன் என்னும் பொருள் தருவது. மின்னாற்றலால் உடல் மறையும் இரும்புக்கை நாயகனுக்கு அது நேர்ப்பொருளில் பொருந்தும். ஃபேன்டமோ எந்த மாயமும் அறியாதவர். வில், வாள், துப்பாக்கி, குதிரை, ஓநாய் என அவர் பெற்ற துணைகள் அனைத்தும் இவ்வுலகைச் சார்ந்தவையே. அவரைச் சூழ்ந்த மாயம், பிறர் கொண்ட நம்பிக்கையில் மட்டுமே உள்ளது. எனவே 'மாயாவி' என்ற பெயரோடு படித்த தமிழ்ச் சிறுவன், மூல நூலைப் படித்தவனைக் காட்டிலும் சற்று மிகுதியான மாயத்தையே எதிர்பார்த்துப் படித்திருப்பான் எனக் கருதலாம்.

தமிழின் இன்னொரு கட்டாயத்தையும் இங்குச் சுட்டுதல் தகும். ஆங்கிலத்தில் நாயகனுக்கும் பணியாளனுக்கும் ஒரே படர்க்கைச் சொல் போதும். தமிழிலோ மொழிபெயர்ப்பாளர் 'அவன்' என்பதா 'அவர்' என்பதா என ஒவ்வொரு மாந்தர்க்கும் முடிவு செய்தாக வேண்டும். 'வேதாளர்', 'முகமூடி வீரர்' என்னும் பெயர்களில் உள்ள ரகர ஈறே நாயகனுக்கு அளிக்கப்பட்ட மதிப்பைக் காட்டும். மூலத்தில் இல்லாத ஒரு தகுதி ஏற்பாடு, மொழியின் இயல்பாலேயே கதைக்குள் புகுந்துவிடுகின்றது.

பெரியோர் கொண்ட ஐயம்

படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்னும் அச்சம் எல்லா நாடுகளிலும் எழுந்ததுண்டு. அமெரிக்காவில் உளநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் 1954ஆம் ஆண்டு எழுதிய நூல் பெரும் பரபரப்பை விளைவித்தது. படக்கதை நூல்களே இளையோர் குற்றங்களுக்குத் தூண்டுகோல் என அவர் வாதிட்டார். அவ்வாண்டிலேயே அமெரிக்க மேலவைக் குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளரும் தமக்குத் தாமே ஒரு தணிக்கை நெறியை வகுத்துக்கொண்டனர். பிரிட்டனில் 1955இல் இதற்கெனச் சட்டமே இயற்றப்பட்டது. வெர்தாம் தம் சான்றுகளைத் தம் முடிவிற்கு ஏற்பத் திரித்தும் கூட்டியும் குறைத்தும் காட்டினார் என்பதை, அவருடைய ஆவணங்களை ஆராய்ந்த கேரல் டில்லி 2012ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார்.

ஆனால், வெர்தாம் சொன்னவை அனைத்தும் தள்ளத்தக்கன அல்ல. கானகக் கதைகளில் வெள்ளையர் மேலோராகவும் கறுத்த மக்கள் கீழோராகவும் காட்டப்படுவது பிள்ளைகள் மனத்தில் நஞ்சை விதைக்கும் என்றும் அவர் எச்சரித்தார். அன்றைய பெற்றோர் குருதியையும் கொலையையும் கண்டு அஞ்சினரேயன்றி, அவர் சொன்ன இக்கருத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

நம் இல்லங்களிலும் இதே நிலைதான் இருந்தது. பாடநூலுக்குள் படக்கதையை மறைத்துப் படித்துப் பிடிபட்ட பிள்ளை, 'படிப்புக் கெட்டுப்போகும்' என்னும் வசையைத்தான் கேட்டது. 'அதில் என்ன படித்தாய்? யாரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்டவர் அரியர். எங்கள் வாப்பாவின் மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்க எடைக்கு வந்த பழந்தாள்களிடையே மாயாவியைக் கண்டெடுத்துப் படித்தவன் நான். முதற்பக்கம் இல்லாத கதைகளும் முடிவில்லாத கதைகளுமே எனக்குக் கிடைத்தன. விடுபட்ட பக்கங்களை மனத்தால் இட்டு நிரப்பிய அப்பழக்கமே, பின்னாளில் சிதைந்த சுவடிகளைப் பற்றிப் படிக்கும்போது எனக்குத் துணை செய்தது. படக்கதை படிப்பைக் கெடுக்கும் என்னும் பொதுத் தீர்ப்பை நான் ஏற்க இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

பிற நாட்டு வாசகர் ஏற்பு

ஒரே நாயகனை வெவ்வேறு நாட்டினர் வெவ்வேறு வகையில் தமக்குரியவராக்கிக் கொண்டனர். இதற்கு அவர் அணியும் உடையின் நிறமே எளிய சான்று. நாளிதழ்க் கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் என ஒன்றில்லை. ஃபாக் தம் மனத்தில் கொண்டிருந்தது சாம்பல் நிறம்; 1939இல் வண்ணப் பக்கம் அச்சாகியபோது அது ஊதாவாயிற்று. ஸ்காண்டிநேவிய நாடுகளில் நீலம். இத்தாலி, பிரேசில், துருக்கி ஆகிய நாடுகளில் சிவப்பு. துருக்கியில் அவர் பெயரே செம்முகமூடி எனப் பொருள்படும் 'கிசில்மாஸ்கே' ஆயிற்று. ஒரு நாட்டு வாசகன் வேறொரு நாட்டு இதழைக் கண்டால், தன் வீரனின் உடையை யாரோ மாற்றிவிட்டதாகவே எண்ணுவான்.

ஆஸ்திரேலியாவில் 'ஃப்ரூ' நிறுவனம் 1948 முதல் இக்கதைகளை வெளியிட்டு வருகின்றது. நார்வே நாட்டை ஜெர்மானியப் படைகள் கைப்பற்றியிருந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், விடுதலைப் போராளிகள் ஃபேன்டத்தின் பெயரைக் குறிச்சொல்லாகப் பயன்படுத்தினர் என்று கூறப்படுவதுண்டு. ஸ்வீடனில் 1950இல் இவருக்கெனத் தனி இதழ் தொடங்கப்பெற்றது. 1963 முதல் ஸ்வீடன் எழுத்தாளர்களும் ஓவியர்களும் புதிய கதைகளைத் தாமே படைத்தனர். 1970களில் அக்கதைகள் நிறவெறி ஆட்சியையும் குடியேற்ற ஆதிக்கத்தையும் கண்டிக்கும் போக்கினைப் பெற்றன. இம்மாற்றத்தை ராபர்ட் அமன் என்னும் ஆய்வாளர் 2020ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆதிக்கக் காலத்தில் பிறந்த வெள்ளை வீரன், ஆதிக்கத்தை எதிர்ப்பவனாக மறுபிறவி எடுத்தமை வாசகச் சமூகத்தின் ஆற்றலுக்குத் தக்க சான்றாகும்.

இவை அனைத்திலும் வியப்பிற்குரியது பப்புவா நியூகினியில் நிகழ்ந்தது. அந்நாட்டில் டோக் பிசின் மொழியில் வெளிவந்த 'வாண்டோக்' செய்தித்தாளில் இப்படக்கதை இடம்பெற்றது. அந்நாட்டு மேட்டு நிலத்தில் உள்ள வாகிப் பள்ளத்தாக்கில் 1980களில் குலங்களுக்கிடையே மீண்டும் போர் மூண்டபோது, வீரர்கள் தம் கேடயங்களில் ஃபேன்டத்தின் உருவத்தைத் தீட்டிக்கொண்டனர். சாகா மனிதனின் உருவம் தம்மைச் சாவினின்று காக்கும் என்பது அதன் உட்கருத்து. இக்கேடயங்களை மானிடவியலாளர் மைக்கேல் ஓ'ஹன்லன் ஆராய்ந்து எழுதியுள்ளார். படக்கதையில் எவர் பின்னணியில் நிறுத்தப்பட்டனரோ, அத்தகைய மலைவாழ் மக்களே நாயகனின் வடிவத்தை எடுத்துத் தம் மார்புக்கு முன் நிறுத்திக்கொண்டனர்.

ஆசிரியர் செவிமடுத்தமை

வாசகரும் காலமும் மாறியதற்கேற்ப ஆசிரியரும் மாறினார். ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றுவந்த 1960களில் பெங்கல்லா, ஆப்பிரிக்க நாடாகத் திட்டமாக உருக்கொண்டது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவராக லமாண்டா லுவாகா என்னும் கறுப்பினத் தலைவர் கதைக்குள் வந்தார். அவர் ஒரு மருத்துவர். அவரைக் கவிழ்க்க முயலும் கொடுங்கோல் தளபதிகள் வேதாளருக்குப் பகைவர் ஆயினர்.

நாற்பது ஆண்டுகள் காதலியாகவே காத்திருந்த டயானா பால்மர் 1977ஆம் ஆண்டு நாயகனின் மனைவியானார். 1979இல் அவர்களுக்கு ஆணும் பெண்ணுமாக இரட்டைக் குழந்தைகள் பிறந்தனர். டயானா ஐக்கிய நாடுகள் அவையில் பணிபுரிபவர், அச்சம் அறியாதவர். 17ஆம் வேதாளர் நோயுற்றிருந்தபோது அவருடைய இரட்டைச் சகோதரி ஜூலி முகமூடி அணிந்து கடமை ஆற்றியதாகவும் ஒரு கதை உண்டு. மரபு ஆண்வழியே செல்லினும், அதற்கு விலக்கு உண்டு என்பதை அது காட்டியது. மாணவியர் இப்படக்கதையை ஆராய முற்படின், ஜூலியிலிருந்து தொடங்கலாம்.

இம்மாற்றங்கள் பாராட்டத்தக்கவை. எனினும் அவை அடித்தளத்தை மாற்றவில்லை. விடுதலை பெற்ற குடியரசிலும் இறுதித் தீர்ப்பு வழங்குபவர் முகமூடி அணிந்த வெள்ளையரே; அவரும் பிறப்பு வழியால் அப்பதவிக்கு வந்தவரே.

வாசகர் காணாத முகம்

இனி இக்கட்டுரையின் மையக் கருத்திற்கு வருவோம். இந்தியச் சிறுவனாயினும், நார்வே நாட்டுப் போராளியாயினும், வாகிப் பள்ளத்தாக்கின் வீரனாயினும், எல்லோரும் தம்மை முகமூடிக்குள் வைத்தே கதையைப் படித்தனர். முகமூடி அதற்கு வாய்ப்பாக அமைந்தது. நாயகனின் கண்மணிகளைக்கூட ஓவியர் வரைவதில்லை. முகம் இல்லாத இடத்தில் எந்த வாசகனும் தன் முகத்தைப் பொருத்திக்கொள்ளலாம். கறுத்த சிறுவன் வெள்ளை வீரனாக ஆனது இவ்வாறுதான். 'ஆதிக்கத்திற்கு ஆட்பட்டவர் ஆதிக்க வீரனை ஏன் விரும்பினர்?' என்னும் வினாவிற்கு விடை இதில் உள்ளது. அவர்கள் வெள்ளையனை விரும்பவில்லை, அஞ்சாமையை விரும்பினர், கொடியவர் தண்டிக்கப்படுவதை விரும்பினர். தமக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டனர். இதில் இழுக்கொன்றும் இல்லை.

ஆனால், எவரும் தம்மைக் குரானின் இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை. குரான் என்பவர் பந்தர் மக்களின் தலைவர். நாயகனின் இளமைக்காலத் தோழர். பந்தர் என்னும் சொல் உருதுவிலும் இந்தியிலும் குரங்கினைக் குறிப்பது. ஒரு மக்களினத்திற்கு அப்பெயர் சூட்டப்பட்டதை அம்மொழி அறிந்தோர் எளிதில் கடந்து செல்ல இயலாது. அத்தகைய பெயரோடு, குள்ள உருவத்தோடு, நச்சு அம்போடு அவர்கள் கதையின் ஓரத்தில் நிற்கின்றனர்.

கதையைச் சற்று ஊன்றிப் படித்தால் வேறோர் உண்மை புலப்படும். கரையில் ஒதுங்கிய அநாதையைப் பேணி உயிர் கொடுத்தவர்கள் பந்தர் மக்கள். அவர்களை அடிமைப்படுத்தியிருந்த வசாக்கா என்னும் கூட்டத்தாரின் தெய்வ உருவத்தைப் பார்த்தே முதல் வேதாளரின் உடை அமைந்தது. அதாவது, உடையும் இம்மண்ணிலிருந்து பெற்றதே. எல்லாவற்றிற்கும் மேலாக, வேதாளர் இறப்பார் என்பதையும், மகன் அரியணையில் அமர்கின்றான் என்பதையும் அறிந்தவர்கள் அவர்களே. நானூறு ஆண்டுகளாக ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பந்தர் ஒரே ஒரு முறை உண்மையைச் சொல்லியிருந்தால் வேதாளர் மரபு அன்றே முடிந்திருக்கும். சாகா மனிதனைச் சாகாமல் காத்தது அவனுடைய கைவலிமையன்று. ஒரு சிறு மக்களினத்தின் நாவடக்கமே.

உடன்பிறந்தார் மூவர் நடத்தும் சிறு கடையிலேயே மறைபொருள் தங்குவதில்லை. ஓர் இனமே இருபது தலைமுறைகள் ஒரு வாக்கினைக் காத்தது என்றால், அவர்களை ஏவலராகக் கருதுவது எங்ஙனம்? அவர்களல்லரோ அக்கதையின் மெய்யான வீரர்கள்? இவ்வினா படக்கதைக்குள்ளேயே கிடக்கின்றது. ஆசிரியர் அதனை எழுப்பவில்லை; ஓவியர் அதனை வரையவில்லை; வாசகராகிய நாமும் அதனைக் கேட்கவில்லை. ஏற்பு என்பது எடுத்துக்கொள்வது மட்டுமன்று. எதனை எடுக்காமல் விட்டோம் என்பதும் ஏற்பின் ஒரு பகுதியே.

இது வெறும் படக்கதைச் செய்தியன்று. எந்தக் கதையிலும் குதிரை மேல் வருபவனோடு சேர்ந்து பயணம் செய்யவே மனம் விரும்பும். வழியில் ஒதுங்கி நின்று வழிவிட்டவனின் நிலையில் நின்று அக்காட்சியைக் காண்பதற்குப் பயிற்சி வேண்டும். வரலாற்று நூலைப் படிக்கும்போதும், நாளிதழைப் படிக்கும்போதும், ஊர்ப் பெருமையைப் பேசும்போதும் அப்பயிற்சி தேவைப்படுகின்றது. கதையின் ஓரத்தில் நிறுத்தப்படும் மக்களாக நாமே ஆகும் நாளில், நம்மையும் ஒருவர் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்றே விரும்புவோம்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, வீட்டிலுள்ள பெரியோர் பிள்ளைகளின் கையிலிருந்து படக்கதையைப் பறிப்பதற்கு முன் அதனைத் தாமும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். 'இந்தக் கதையை அந்தக் குள்ளத் தலைவர் சொன்னால் எப்படிச் சொல்வார்?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பத்து அறிவுரைகள் செய்யாததை அக்கேள்வி செய்யும்.

இரண்டாவதாக, தமிழ் பயிலும் மாணவர்க்கு இத்துறையில் ஆய்வுக் களங்கள் பல உள்ளன. படக்கதைத் தமிழில் ஒலிக்குறிப்புச் சொற்கள் அமைந்த முறை, பேச்சுக் குமிழிக்குள் அடங்குமாறு தொடர்களைச் சுருக்கிய திறம், கானகப் பழமொழி என்னும் பெயரில் வரும் தொடர்களுக்குத் தமிழ்ப் பழமொழி நடையைப் பொருத்திய பாங்கு, அவன் அவர் வேறுபாடு ஆகிய ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டிற்குரிய பொருளே. இவற்றை மொழிபெயர்த்தோர் பலரின் பெயர்கள் நூல்களில் அச்சிடப்படவில்லை. அவர்களும் ஒருவகையில் பந்தர் மக்களே. மரபைக் காத்துத் தாம் மறைந்து நின்றனர்.

மூன்றாவதாக, வாசகர் நினைவுகளைத் தொகுத்தல் வேண்டும். பழைய இதழ்கள் பெரும்பாலும் எடைக்குப் போயின. எஞ்சியவற்றைச் சேகரிப்போர் சிலர் பொருட்செலவைப் பாராது காத்து வருகின்றனர். அண்மை ஆண்டுகளில் வேதாளர் கதைகள் தமிழில் மறுபதிப்பும் பெற்றுள்ளன. நூல் திரும்பக் கிடைத்துவிடலாம். ஆனால் அதனை முதன்முதலில் படித்தவர் என்ன எண்ணினார் என்பது அவர் மறையும்போது உடன் மறையும். நம் ஊர்களில் 1970களிலும் 1980களிலும் வாடகை நூல் நிலையம் நடத்தியோர், அங்கே படித்தோர், கல்வி இடையில் நின்றபோதும் படக்கதையின் வழியாகவே எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கத்தைக் காத்துக்கொண்டோர் ஆகியோரை மாணவர் நேரில் கண்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னவாறே பதிவு செய்தல் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும்.

நிறைவுரை

ஃபேன்டம் படக்கதையை உலகெங்கும் உள்ள வாசகர் தத்தம் தேவைக்கேற்ப ஏற்றனர். ஒரு நாட்டார் அவருக்கு நீல உடை அணிவித்தனர். ஒரு நாட்டார் கேடயத்தில் தீட்டினர். தமிழர் விக்கிரமாதித்தன் கதையிலிருந்து அவருக்கு ஒரு பெயரை எடுத்துத் தந்தனர். வாசகர் எழுதாத ஏடுகளல்லர் என்பதை இவை மெய்ப்பிக்கின்றன. ஆயினும், எல்லோரும் முகமூடிக்குள் நுழைந்தனரேயன்றி, அம்முகமூடியைக் காத்துநின்ற மக்களின் முகத்தை நோக்கவில்லை என்பதும் உண்மை. கதையை விரும்பிப் படிப்பது முதல் வாசிப்பு. கதையின் ஓரத்தில் நிற்பவரைத் தேடிப் படிப்பது இரண்டாம் வாசிப்பு. முதல் வாசிப்பைப் பிள்ளைகள் தாமே கற்றுக்கொள்வர். இரண்டாம் வாசிப்பைக் கற்பிப்பது ஆசிரியரும் பெற்றோருமாகிய நம் கடமையாகும்.